அருள்தாஸ் சார் திறக்காத லாகின்

உப்புமாத் தட்டோடு வரிசையில் நின்றிருந்தோம். வார்டன் அக்கா போனை வைத்துவிட்டு, "சார் போயிட்டாருங்க கண்ணுங்களா" என்றார். எங்கள் விடுதியின் கணினிப் பொறுப்பாளர் அருள்தாஸ் சார், நாமக்கல் மருத்துவமனையில் காலமானார். காலமானார் என்பது மரியாதைக்கு. அடித்துக் கொன்றார்கள்.

சார் திருச்சிக்காரர். கொண்டை ஊசி வளைவெல்லாம் வாந்தி எடுத்தபடி கொல்லிமலைக்கு வந்தவர், வாயைத் துடைத்துக்கொண்டு நேராக சர்வர் அறைக்குத்தான் போனார். மாணவிகள் எல்லோருடைய விவரமும் அந்த சர்வரில் இருந்தது. அதைத் திறக்கும் உரிமை சாருக்கும் வார்டன் அக்காவுக்கும் மட்டுமே. அக்காவுக்கோ பாஸ்வேர்டு மறந்துபோகும். மிளகு பறித்துப் பறித்து விரல் ரேகையும் தேய்ந்திருந்தது. சார் லாகின் மாட்யூலை மாற்றி எழுதினார்.

"பாஸ்வேர்டு தப்புன்னா கைரேகை கேக்கும், அதுவும் தப்புன்னா ஓடிபி. மூணுல ஒண்ணு சரின்னா போதும்க்கா."

ஓடிபி வர, டவர் கிடைக்கும் பின்பாறைக்கு ஓட வேண்டும். அதற்கு 'ஓடிப் பிடி' என்று பெயர் வைத்தேன்.

"முதல்ல உன் வாய்க்கு ஒரு பாஸ்வேர்டு போடணும்" என்று சிரித்தார் சார்.

என் வகுப்புத் தோழி செல்வியைக் கட்டாயமாகக் கட்டிக்கொள்ளப் பார்த்தான் அவள் தாய்மாமன். மறுத்ததற்கு முதுகில் கொள்ளிக்கட்டையால் சூடு வைத்தான். அதிகாரிகள் அவளை வேறு ஊர் விடுதிக்கு மாற்றினார்கள். எந்த ஊர் என்பது எங்கள் விடுதியில் சர்வருக்குள் மட்டும் இருந்தது. அன்றே சார் மாட்யூலைத் திருத்தினார்.

"இனிமே மூணும் சரியா இருந்தாத்தான் திறக்கும்."

"ஏனுங்க சார், எனக்கு ஒண்ணே வராதுங்களே?"

"உங்க பேரையே எடுத்துட்டேன்க்கா. தேடி வர்றவங்க என்கிட்டயே வரட்டும்."

வந்தார்கள். மாமனும் இன்னும் இருவரும், கொடுவாளோடு. எங்களைச் சாப்பாட்டுக் கூடத்தில் தள்ளித் தாழிட்டார்கள். சன்னல் வழியே எல்லாம் தெரிந்தது. கொடுவாளின் பின்புறத்தால் சாரின் மண்டையில் அடித்து, அவர் விரலை இழுத்துக் கைரேகைக் கருவியில் அழுத்தினார்கள்.

"வெரலு வெச்சாலே தொறக்குமுன்னாங்க. ஏன்டா தொறக்கல?" என்றான் மாமன்.

பாஸ்வேர்டுக்காக வலது கை விரல்களை ஒவ்வொன்றாக முறித்தார்கள். கடைசியில் சொல்லிவிட்டார். யார்தான் சொல்லாமல் இருப்பார்கள்? மிச்சம் ஓடிபி. சன்னலுக்கு நேரே தெரிந்த பின்பாறைக்குத் தரதரவென்று இழுத்துப்போனார்கள். அங்கே சார் இடது கையால் போனை எடுத்துப் பள்ளத்தில் வீசினார். அடுத்து அவரை வீசினார்கள்.

ஊர்க்காரர்கள் அவரைத் தூக்கி வந்தபோது உயிர் இருந்தது. கொன்றவர்கள் இப்போது சிறையில்.

மருத்துவமனையில் என்னைப் பார்த்ததும், "செல்வி?" என்றார்.

"பத்திரமா இருக்காளாம் சார். அதிகாரிங்க சொன்னாங்க."

"எங்கேன்னு நீ கேக்காதே."

நான் கேட்கவில்லை.

திருச்சியில் சாரின் பெட்டியை மூடும்போது, கட்டுப்போட்ட அந்த வலது கையை அவர் தங்கை நெஞ்சின் மேல் எடுத்து வைத்தார். செல்வி வரவில்லை. எங்கே இருக்கிறாள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாததால், சொல்லி அனுப்பவும் முடியவில்லை. அவளுக்கும் சேர்த்து இரண்டு பிடி மண் போட்டேன்.

போய் வாருங்கள், சார்.