அத்தையின் காலடி மண்

சாக்லேட், தக்காளி மாதிரி சில உணவுகளால் ஏறும் ஹிஸ்டமின் என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று கல்லூரியில் படிக்கும்போது ஒரு டாக்டர் சொன்னார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அந்த வார்த்தையையும் நானேதான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதுவரை அதற்கு எங்கள் வீட்டில் இருந்த பெயர், அத்தையின் கண்.

அத்தை, அப்பாவின் அக்கா. வடக்கனந்தலில் எங்களுக்கு அடுத்த தெரு. கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வேலை முடிந்து வரும்போது எனக்குச் சாக்லேட் வாங்கி வருவாள். அவள் எதிரிலேயே தின்பேன். சற்று நேரத்தில் முகம் சிவந்து, கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பும். பிள்ளை இல்லாதவள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் கிளம்பாமல் என்ன செய்யும் என்பது அம்மாவின் வாதம். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் அப்பா, திரும்பும் வழியில் வாங்கி வரும் வெல்லத்தை எவ்வளவு தின்றாலும் ஒன்றும் ஆகாது. ஆகவே இனிப்பின்மேல் குற்றமில்லை. தக்காளித் தொக்கு தின்று தடித்த அன்றுகூட, அத்தை தெருவில் போனதாக அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

நான்காம் வகுப்பில் ஒருநாள் இமையே வீங்கிவிட்டது. சுற்றிப்போட அத்தையின் காலடி மண் வேண்டும். யாருக்கும் தெரியாமல் அள்ளி வா என்று அம்மா என்னையே அனுப்பினாள். அத்தை வீட்டு வாசலில் நான் குனிந்தபோது அவள் வெளியே வந்துவிட்டாள்.

"இன்னாடி பண்ணிக்கினு இருக்க?"

கையை மூடிக்கொண்டேன். என் இமையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

"அது எல்லாரும் மிதிச்ச மண்ணுடி. இத எடு" என்று நின்ற இடத்திலிருந்து காலை நகர்த்திக்கொண்டாள்.

அம்மா அந்த மண்ணோடு உப்பும் மிளகாயும் சேர்த்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராதாம். எனக்கு இருமல் வந்தது. அது புகை என்றாள். பொழுது சாய்வதற்குள் வீக்கம் வடிந்தது. "பாத்தியா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

அதன்பின் அத்தை சாக்லேட் வாங்கி வரவில்லை. தடிப்பும் அநேகமாக நின்றுபோனது. குற்றம் ருசுவாகிவிட்டது.

வீட்டுக்கு வருவதை மட்டும் அத்தை விடவில்லை. என் படிப்பைப் பற்றி, மார்க்கைப் பற்றி எல்லாம் கேட்பாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. புதுப்பாவாடை கட்டி எதிரே போய் நின்றாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மண் அள்ளியதற்குக் கோபம் என்று நினைத்து, நானும் வீம்பாகத் தரையைப் பார்த்தே பதில் சொன்னேன். தன் கண்ணைப் பற்றி அம்மா சொன்னதை அத்தையும் நம்பிவிட்டாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.