வாய் மூடாத சாட்சி

சுங்கச்சாவடியில் சீட்டுக் கொடுக்கும் அந்தப் பெண்ணுக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் ரேடியோ. இரண்டு வார்த்தை விசாரிக்காமல் யாரையும் போக விடமாட்டாள்.

அப்படி விசாரித்ததில்தான் வம்பு வந்தது. ஊரே நடுங்கும் ஒப்பந்தக்காரர் ஒருநாள் காரில் வந்தார். பின் சீட்டில் அவருடைய கணக்குப்பிள்ளை துவண்டு கிடந்தார். "குடிச்சிட்டான்" என்றார் ஒப்பந்தக்காரர். மறுநாள் கணக்குப்பிள்ளையின் பிணம் கால்வாயில் மிதந்தது. சாவடிக் கேமரா பழுது. பார்த்தவள் ரேடியோ ஒருத்திதான்.

அவள் வாக்குமூலம் கொடுத்த வாரமே வீட்டு ஜன்னல்கள் நொறுங்கின. போலீஸ் விசாரித்து, உயிருக்கு ஆபத்து என்று அறிக்கை கொடுத்தது. நீதிமன்றம் பாதுகாப்புக்கு உத்தரவிட்டது. வேறு ஊர், வேறு பெயர், அதற்கேற்ற அடையாள அட்டை, வேலை கிடைக்கும்வரை வாடகைப் பணம். சொந்தக்காரர்களோடு பேசுவதென்றால் பாதுகாப்பு அதிகாரி மூலமாகத்தான்.

"முக்கியமா, வாயைத் திறக்கவே கூடாது" என்றார் அந்தப் பெண் அதிகாரி.

"அதுக்கு நீங்க அவளை ஜெயில்லயே போட்டிருக்கலாம் மேடம்" என்றான் கணவன்.

புது வீட்டில் ரேடியோ பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஒரு வாரத்தில் தெருவே அந்த வீட்டை ஒரு மாதிரியாகப் பார்த்தது. 'கதவைத் திறக்கவே மாட்டேங்கிறாங்களே, என்ன சமாச்சாரம்?' என்ற பேச்சு மகள் காதிலேயே விழுந்தது. ஊமையாக இருப்பதுதான் காட்டிக்கொடுக்கிறது என்று ரேடியோவுக்கு அப்போது உறைத்தது. மறுநாளே மருந்துக்கடைக்குப் போய் நின்றாள். தன்னைப் பற்றி மூச்சுவிடவில்லை, கேள்வியாகக் கேட்டாள். கடைக்காரரின் மூட்டுவலி, மருமகள் சண்டை எல்லாம் வந்து கொட்டியது. தன் கதையைச் சொல்லக் கிடைத்த காதை எவர்தான் விடுவார்? அவளைத் திருப்பிக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

ஒருநாள் கடைக்காரர் சொன்னார்: "யாரோ ஒருத்தன் வந்தாம்மா. புதுசா குடிவந்து, யாரோடயும் பேசாம அடைஞ்சு கிடக்கிற குடும்பம் இருக்கான்னு கேட்டான். நம்ம தெருவுல அப்படி யாருப்பான்னு அனுப்பிட்டேன்."

ரேடியோ வீட்டுக்கு ஓடினாள். அதிகாரிக்குச் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் குடும்பம் இன்னொரு வீட்டுக்கு மாறியது. வந்தவனும் பேருந்து நிலையத்தில் சிக்கினான்.

சாட்சி சொல்லும் நாளில் மூடிய வண்டியில் கூட்டிப்போனார்கள். நடுவே திரை, அவள் குரலையும் ஏதோ கருவி கரகரவென்று மாற்றியது.

ஒப்பந்தக்காரரின் வக்கீல், "அவர் சாவடியைத் தாண்டினது கொலைக்கு முந்தின வாரம். நாளைக் குழப்பிக்கிறீங்க" என்றார்.

"எப்படிங்க? 'நேத்து பொண்ணு கல்யாணம் நல்லா நடந்துச்சா சார்'னு கேட்டேன். 'நல்லா நடந்துச்சு'ன்னார். முந்தின வாரம் கல்யாணமே ஆகலையே!"

நீதிமன்றத்தில் சிரிப்பு எழுந்தது. தேதி போட்ட கல்யாணப் பத்திரிகை ஊருக்கே போயிருந்தது. வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தார்.

தீர்ப்பு நாளன்று அதிகாரி வந்து, அவளைக் காருக்குள் உட்காரவைத்துச் சொன்னார்: "ஆயுள் தண்டனை."

"மேடம், கொஞ்சம் கத்திக்கலாமா?"

"கண்ணாடியை ஏத்திக்கிட்டு."

அவள் ஏற்றினாள். போட்ட கூச்சலில் முன்சீட்டு ஓட்டுநர் காதைப் பொத்திக்கொண்டார். அதிகாரியும் சேர்ந்து கத்தினார்.