அப்பா வெட்டிய கரும்பு

கோப்பன்ஹேகனில் ஓர் அருங்காட்சியகம். கண்ணாடிக்குப் பின்னால் கரும்பு வெட்டும் கத்தி. டென்மார்க் ஒரு காலத்தில் ஆண்ட கரும்புத் தீவுகளில் அடிமைகள் பிடித்துப் பிடித்துக் கைப்பிடி தேய்ந்திருந்தது. பக்கத்தில் கோடரி: ஆலை உருளையில் கை அகப்பட்டால் கையையே வெட்டி எடுப்பதற்காம்.

எனக்கு ஸ்கீவ என்ற சிற்றூரில் நான் படித்த பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. அகதிகள் குடும்பத்தை அழைக்கும் விண்ணப்பங்கள் முடங்கிக் கிடந்த காலம். அப்பாவும் நானும் இங்கே, அம்மா யாழ்ப்பாணத்தில். அடிமைகளைப் பற்றிய பாடத்துக்குக் கரும்பு வெட்டிக் காட்ட முடியுமா என்று ஆசிரியை அப்பாவைக் கேட்டார். அப்பா ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். கரும்பைப் பொங்கலுக்குக் கடித்ததோடு சரி.

"மாட்டன் எண்டால் கொம்மாவின்ர விசாவை இன்னும் இழுத்தடிப்பினமடா," என்று என்னிடம் சொன்னவர், காகித மட்டையில் செய்த கத்தியோடு வகுப்பில் குனிந்து குனிந்து, இல்லாத கரும்பைச் சிரித்துக்கொண்டே வெட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மேசைக்குக் கீழே பென்சிலைத் தேடினேன். பென்சில் என் காதிலேயே இருந்தது.

பிறகு எத்தனையோ விருந்துகளில் அப்பா வெட்டியதை நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

"அப்பப்பா இப்பிடித்தானே வெட்டினவர்?" கோடரிக்கு முன்னால், கூட வந்திருந்த என் மகள் குனிந்தாள், என் நடிப்பை அப்படியே பிடித்து.

"நிமிர் பிள்ளை," என்றேன். "அவர் உன்ர அப்பம்மாவை இஞ்ச கூப்பிடத்தான் வெட்டினவர்."