குதிரைமசால் பாத்தியில் காலி இடங்கள்

எழுபதுகளின் நடுவில், பொங்கல் விடுமுறை முடிந்து சித்தப்பா மகன் நடராஜனுடன் குன்னூர் போனேன். ஊட்டிப் பக்கம் போகிறவர்கள் பூங்கா பார்ப்பார்கள். நான் போனது மாட்டுத் தீவனம் பார்க்க. வீட்டில் சிரித்தார்கள். மேட்டுப்பாளையத்தில் காலை ரயில் ஏறி, குன்னூரில் இறங்கி நாலு கிலோமீட்டர் நடந்தோம்.

நடராஜனுக்கு அங்கே ஒரு தீவனப் பண்ணையில் வேலை. குதிரைமசால் என்ற தீவனச் செடியின் சாற்றை அசுவினிப் பூச்சி உறிஞ்சினால் செடி சாய்ந்துவிடும். மருந்து அடித்தால் பால்வரைக்கும் போய்விடுமோ என்று பயம். அதனால் மருந்தே இல்லாமல் விட்டு, செத்த செடிகளின் இடத்தைக் காலியாகவே போட்டு, தப்பிப் பிழைத்த செடிகளை மட்டும் மூன்று வருடமாக வளர்த்து வந்தான். தாங்கும் குணம் விதையோடு பிள்ளைச் செடிக்கும் போகும். ஆனால் சாதாரணச் செடியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து கலந்துவிட்டால் உழைப்பு வீண்.

போய்ப் பார்த்தால் பாத்தியில் ஒரு காலி இடம்கூட இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முந்தின வருடம்தான் குடும்பத்தோடு கப்பலேறி வந்த ராசம்மா, இந்தப் பண்ணையில் நாள்கூலிக்கு இருந்தார். பக்கத்துப் பாத்தியின் சாதாரணச் செடிகளை வேரோடு பெயர்த்து, செத்த இடங்களில் எல்லாம் நட்டுவிட்டார். அடையாளக் குச்சிகளைப் பிடுங்கி, தேயிலையைப்போல் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு வெட்டியும் விட்டார். எது பழசு, எது புதுசு என்று இப்போது அவருக்கே தெரியவில்லை.

"மலையில காலி கெடந்தா அங்க அன்னைக்குப் பேரு போட மாட்டாங்கய்யா," என்றார். மலை என்று அவர் சொன்னது இலங்கைத் தோட்டத்தை; அங்கே பேர் போடாவிட்டால் அன்றைய கூலி இல்லை. இந்த வேலையும் போய்விடுமோ என்று பயந்தார். எனக்கு நடராஜன்மேல்தான் கோபம் வந்தது. காலி இடம் ஏன் வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவன் குனிந்து இரண்டு செடிகளைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "பூச்சி வரட்டுங்கம்மா, எது பழசுன்னு அதுவே காட்டிக் குடுக்கும். அதுவரைக்கும் பூக்க உடாம நீங்க வெட்டிட்டே இருங்க," என்றான். அந்த வருட விதை போனது. ராசம்மாவின் வேலை போகவில்லை.

மார்ச்சில் மறுபடி போனேன். அசுவினி வந்து, தாங்காத செடிகள் சாய்ந்திருந்தன.

நீங்கள் போவதானால் காலை ரயிலுக்கு முன்பதிவு செய்யுங்கள், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். தீவனப் பண்ணையில் காலி இடத்தைக் கண்டால் ஏன் நடவில்லை என்று கேட்காதீர்கள். அந்த மார்ச்சில் நான் ராசம்மாவிடம் விளையாட்டாகக் கேட்டேன். ராசம்மா சாய்ந்த செடியைப் பிடுங்கிக்கொண்டே, "செத்த எடத்த அப்பிடியே உட்டாலும் பேரு போடுறாங்கய்யா இங்க," என்றார். சொல்லிவிட்டு, அந்தக் குழியைக் கையால் மூடிச் சமன் செய்தார்.