தொனாத்தாவின் சாவும் வியாழக்கிழமைச் சுற்றுலாவும்

அசுந்தா கிரேக்கோவுக்கு வாய்தான் சொத்து. தென் இத்தாலியின் லெச்சே நகரத்தில் வெளியூர்க்காரர்களை வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு காலையில் கிளம்புவாள். குகைக் கோயில், ஆலிவ் தோப்பு, கடலோரப் பாறை என்று சுற்றிக் காட்டிவிட்டுச் சாயங்காலம் இறக்கிவிடுவாள். பத்தொன்பது வருஷமாக இதே பிழைப்பு. வழியில் நிற்கும் நெட்டுக்கல்லை யார் நட்டார்கள் என்று பேராசிரியர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அசுந்தாவோ, "ஒரு மருமக நட்டது. மாமியாரே, இதத் தாண்டி வராதேன்னு" என்று கண் இமைக்காமல் சொல்வாள். அதைப் பயபக்தியோடு எழுதிக்கொள்கிற ஆத்மாக்களும் உண்டு.

வழிகாட்டிப் பரீட்சையில் அவள் மூன்றாவது தடவைதான் தேறினாள். முதல் இரண்டு தடவையும் உண்மையை எழுதித் தொலைத்தேன் என்பாள். கணவன் டூரின் கார்த் தொழிற்சாலைக்கு ஆறு மாதம் என்று போனவன். இருபத்திரண்டு வருஷமாகியும் அந்த ஆறு மாதம் முடியவில்லை. ஊரே உச்சுக்கொட்டியபோது, "விடுடி, குறட்டைச் சத்தமாவது மிச்சம்" என்று சொன்னவள் தொனாத்தா ஒருத்திதான்.

தொனாத்தா, ஆலிவ் தோப்புக்காரர் ரோக்கோவின் மனைவி. ஆயிரம் வருஷத்துப் புனிதர்கள் சுவரில் முழித்துக்கொண்டு நிற்கிற குகைக் கோயில் அவர்கள் தோப்புக்கு அடியில் இருந்தது. சாவி ரோக்கோவிடம். அசுந்தா கூட்டிவரும் கூட்டத்துக்கெல்லாம் தொனாத்தா காப்பி கொடுப்பாள், ஆரஞ்சு உரித்துக் கொடுப்பாள், அப்புறம்தான் சாவி வெளியே வரும்.

மார்ச்சில் தொனாத்தா இறந்துபோனாள். அந்த ஊர்ப் பக்கம் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். வேண்டியவர்கள் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுபோய், தங்கள் கையாலேயே பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைக்க வேண்டும். துக்க வீட்டார் மறுக்கக் கூடாது. அந்த வாரம் முழுக்க அசுந்தாவுக்குக் கப்பலில் வந்திறங்கிய பயணிகள் கூட்டம். போனிலேயே சொல்லி ஒரு மலர்வளையம் அனுப்பினாள். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்று தெரியாதவளா அவள்? தெரிந்தும் போகவில்லை, அதுதான் விஷயம்.

அப்புறம் அந்த வாசலை மிதிக்க முகமில்லாமல், குகைக் கோயிலை விட்டுவிட்டே சுற்றிக் காட்டினாள். மே மாதத்தில் வந்தது வினை. வியாழக்கிழமைச் சுற்றுலாவை நடத்தும் மிலான் கம்பெனியிலிருந்து லவீனியா என்ற அம்மாள் நேரில் பார்க்க வருகிறாள். குகைக் கோயில் இல்லையென்றால் அந்த நாள் ஜான்லூக்காவுக்குப் போய்விடும். ஜான்லூக்கா இன்னொரு வழிகாட்டி. பல் வரிசை நல்ல வரிசை, மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. வியாழன் போனால் அசுந்தாவுக்குப் பாதிப் பிழைப்பு போயிற்று. செவ்வாய்க்கிழமையே ரோக்கோவிடம் ஓடினாள்.

"சாவி தொலஞ்சு போச்சு" என்றார் ரோக்கோ. அவர் தலைக்குப் பின்னால் ஆணியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, மாலை அனுப்பினேனே..."

"ஆமா, வந்துச்சு. மாலையத் திங்க முடியுமா?"

புதன்கிழமை ராத்திரி அசுந்தா ஒரு பெரிய தட்டு நிறைய பாஸ்தா அடுக்கி, இறைச்சி உருண்டையும் முட்டையும் வைத்து அடுப்பில் சுட்டெடுத்தாள். சாவிக்காகத்தான் செய்கிறோம் என்பது அவளுக்கே தெரியும். தெரிந்ததால் கை கூசியது.

மறுநாள், எட்டுப் பயணிகளையும் லவீனியாவையும் ரோக்கோ வீட்டு வாசலில் வேனிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, தட்டோடு இறங்கினாள். இரண்டு மாதம் ஆறிப்போன துக்கத்துக்குச் சுடச்சுடச் சாப்பாடு! ரோக்கோ தட்டைப் பார்த்தார், வேனைப் பார்த்தார்.

"வந்தவங்கள வெளிய ஒக்கார வச்சிட்டா துக்க வீட்டுக்கு வருவ? எல்லாரையும் உள்ள கூப்பிடு. மரியாத கெட்டவளே."

ஆக ஒன்பது பேரும் உள்ளே வந்து, சுவரோரம் நாற்காலிகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். "தொப்பியக் கழட்டுங்க, பேசாதீங்க, சிரிச்சா கொன்னுடுவேன்" என்றாள் அசுந்தா. ஒரு டச்சுக்காரர் கேமராவைத் தூக்கினார். அவர் மனைவியே அவர் கையில் ஓர் அடி வைத்தாள்.

அசுந்தா பரிமாறினாள். ரோக்கோ மெதுவாகச் சாப்பிட்டார்.

"உப்பு கம்மி."

"போட்டுக்கங்க மாமா."

"கடைசி மூணு நாளும் அவ உன்னக் கேட்டுக்கிட்டே இருந்தா. வேன் சத்தம் கேட்டா அசுந்தாவான்னு பாருங்கன்னா. நானும் ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போய்ப் பார்த்தேன். உன் வேன்தான். நிக்கல."

வாய்தான் சொத்து என்றேனே, அந்த வாயைத் திறந்து அசுந்தா கரண்டியைக் கையில் பிடித்தபடியே ஓவென்று அழுதாள். டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு பெண்ணும் சேர்ந்து அழுதாள். ரோக்கோ தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். நன்றி சொல்லவில்லை, அங்கே அது முறையுமில்லை.

வெளியே வந்ததும் லவீனியா அசுந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் பூரிப்பு.

"அசுந்தா, என்ன ஐடியா இது! கோயில் எல்லா ஊர்லயும் இருக்கு. இது எங்க கெடைக்கும்? வாரா வாரம் இதையே வச்சிடுவோம். ஒரு மணி நேரம் போதும். அவரக் கறுப்புக் கோட்டு போடச் சொல்லுங்க. அந்த வேன் கதைய மட்டும் கொஞ்சம் இழுத்துச் சொல்லணும்."

அசுந்தா மூக்கைச் சிந்தினாள்.

"வியாழக்கிழம உங்களுக்குத்தான், இப்பவே எழுதித் தர்றேன்" என்றாள் லவீனியா. "உங்களுக்குச் சங்கடமா இருந்தா பரவால்ல, ஜான்லூக்காவும் ஒரு சாவு வீடு பிடிச்சுத் தர்றேன்னுதான் சொல்லுவார்."

"அவன்கிட்டயே குடுங்க. பொணம் கெடைக்கலன்னா அவனே படுத்துக்குவான், பல் மட்டும் தெரியாமப் பாத்துக்கச் சொல்லுங்க." அசுந்தா வேன் கதவைத் திறந்து பிடித்தாள். "தொனாத்தா ஒரு தடவதாம்மா செத்தா. அதுக்கே நான் வரல."