மத்தியானம் இரண்டரை மணிக்கு ஒரு குட் மார்னிங்

ஸ்டெல்லா, பிரவீன், இரண்டு பேரும் கேளுங்கள். போன செவ்வாய்க்கிழமை மணலி புதுநகர் போய்வந்ததை அம்மாவிடம் அரைகுறையாகத்தான் சொன்னேன். உங்களுக்கு முழுசாக எழுதுகிறேன். ராயபுரத்திலேயே வளர்ந்த நீங்கள் அந்தப் பக்கம் போனதில்லை. எனக்கும் அதுதான் முதல் தடவை.

எதற்குப் போனேன் என்பது உங்களுக்குத் தெரியும். தண்டையார்பேட்டை கன்டெய்னர் யார்டில் மூன்று வருஷமாக எனக்கு நைட் ஷிஃப்ட். நீங்கள் முழித்திருக்கும்போது நான் தூங்குகிறேன். பிரவீன் ஸ்கூலில் வரைந்த குடும்பப் படத்தில் எல்லாரும் நிற்கிறீர்கள், நான் மட்டும் படுத்திருக்கிறேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று டீச்சர் கேட்டாராம். எங்கள் கம்பெனிக்கே மணலி புதுநகரில் இன்னொரு யார்டு உண்டு. அங்கே கேட்டில் பகல் வேலைக்கு ஆள் தேடினார்கள். எந்த வண்டி எப்போது வந்தது, அடுத்தது எப்போது வரும் என்று சரக்கு அனுப்பும் ஏஜென்ட் ஆபீஸ்களுக்கு இங்கிலீஷில் போன் பண்ணிச் சொல்ல வேண்டும். அந்த இங்கிலீஷ்தான் எனக்குப் பயம்.

பகல் பன்னிரண்டே காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். ராயபுரம் ஸ்டேஷனில் விம்கோ நகருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். வண்டியில் உட்கார்ந்ததும் ஸ்டெல்லா முந்தின நாள் சொல்லிக்கொடுத்ததை முணுமுணுக்கத் தொடங்கினேன். மார்னிங், ஆஃப்டர்நூன், ஈவினிங் மூன்றுக்கும் ‘இன் தி’. நூனுக்கும் நைட்டுக்கும் ‘அட்’. மணியைச் சொன்னாலும் ‘அட்’. கொருக்குப்பேட்டை தாண்டுவதற்குள் எது எதற்கு என்று இரண்டு தடவை மாறிப்போய்விட்டது.

எதிரே காலி மீன்கூடையைக் காலிடுக்கில் வைத்திருந்த ஓர் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா நைனா, ஜெபம் பண்ணிகினு வர்றியா?”

“இல்லக்கா, இன்டர்வியூ கீது. இங்கிலீஷ்ல நேரம் சொல்லணும்.”

“எங்க, சொல்லு பாப்போம். நான் காசிமேட்டு ஏலத்துக்கு வெடிகாலம் மூணு மணிக்குப் போறேன். அதுக்கு இன்னா?”

“அட் த்ரீ இன் தி மார்னிங்.”

“மூணு மணி மார்னிங்கா? கும்மிருட்டா கீது! இத்த கண்டுபுடிச்சவன் ஒருநாளாச்சும் அந்நேரத்துக்கு எந்திரிச்சுகீறானா?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் கேட்டது நியாயம்தான், பிள்ளைகளே. ராத்திரி பன்னிரண்டு தாண்டினாலே இங்கிலீஷில் மார்னிங் கணக்கு வந்துவிடுகிறது. வெளியே இருட்டா வெளிச்சமா என்று அது பார்ப்பதில்லை.

திருவொற்றியூரில் இறங்கும்போது அந்த அக்கா, “மூஞ்ச ஏன் இப்டி வெச்சிகினு கீற? போய் நல்லா சொல்லு” என்று தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

விம்கோ நகரிலிருந்து ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். ஏழு கிலோமீட்டர் இருக்கும். வழியெல்லாம் டேங்கர் லாரிகள், ட்ரெய்லர்கள், வேப்பமர இலைமேலும் கறுப்புத் தூசி. தூரத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி உச்சியில் நெருப்பு எரிந்துகொண்டே இருந்தது. பகல் வெயிலிலும் அது தெரிகிறது. பாதி வழியில் ட்ரெய்லர் வரிசையில் ஆட்டோ சிக்கி நின்றுவிட்டது. மணி ஒன்றே முக்கால். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“அண்ணே, ரெண்டரைக்குள்ள போய்டலாமா?” என்றேன்.

“முன்னாடி நிக்கிறவன் எறங்கி டீ குடிக்கப் பூட்டான் மாமு. அவன் வந்தா போய்டலாம்” என்றார் டிரைவர், ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டே.

எப்படியோ வண்டி நகர்ந்தது. யார்டு கேட்டில் இறங்கி ஓட்டமும் நடையுமாக ஆபீசுக்குள் நுழைந்தபோது சரியாக இரண்டரை. ஏசி குளிர். மேஜைக்குப் பின்னால் என்னைவிட வயதில் சின்னவரான மேனேஜர் மேடம், பக்கத்தில் நரைத்த மீசையோடு கேட் சூப்பர்வைசர். நான் விறைப்பாக நின்று, சத்தமாக, “குட் மார்னிங் மேடம்!” என்றேன்.

மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அப்போதுதான் என் வாயில் வந்தது என்ன என்று உறைத்தது.

இதை உங்களுக்கு விளக்கியாக வேண்டும். எங்கள் யார்டில் ராத்திரி பத்து மணிக்கு டியூட்டி ஏறுகிறவர்கள் ஒருவருக்கொருவர் ‘குட் மார்னிங்’தான் சொல்லிக்கொள்வோம். யாரும் சிரிக்கமாட்டார்கள். எவனுக்கு வேலை தொடங்குகிறதோ அவனுக்கு அப்போது விடிகிறது. மூன்று வருஷமாக அதுவே பழகிப்போன வாய்.

“டைம் என்ன இப்போ? இங்கிலீஷ்ல சொல்லுங்க” என்றார் மேடம்.

“டூ தர்ட்டி இன் தி ஆஃப்டர்நூன், மேடம்.”

“தெரியுதுல்ல? அப்புறம் ஏன் குட் மார்னிங்?”

தமிழிலேயே காரணத்தைச் சொன்னேன். சூப்பர்வைசர் மீசைக்குள் சிரித்து, “நம்ம நைட் பசங்களும் அப்டித்தான் மேடம் சொல்லிக்கிறானுங்கோ” என்றார்.

மேடம் சிரிக்கவில்லை. “உங்களுக்குள்ள சொல்லிக்கோங்க. ஏஜென்ட்கிட்ட நேரம் மாறிச்சுன்னா வண்டி ரோட்ல நிக்கும். டிரைவர் சாப்பாடு தண்ணி இல்லாம நிப்பான்” என்று போனை என் பக்கம் தள்ளினார். நிஜமான ஏஜென்ட், நிஜமான வண்டிகள். சொல்ல வேண்டியது இது: இரண்டு வண்டி காலையில் வந்தாயிற்று, ஒன்று பகல் பன்னிரண்டுக்கு வந்தது, கடைசி வண்டி ராத்திரி ஒன்பதுக்கு வரும்.

“டூ ட்ரெய்லர்ஸ் கேம் இன் தி மார்னிங், சார். ஒன் கேம் அட் நூன்.” இதுவரை சரி. “லாஸ்ட் ட்ரெய்லர்... டுடே நைட்... நைன் ஓ க்ளாக்.” சொன்னதுமே தெரிந்துவிட்டது. ‘இன்னைக்கு நைட்டு’ என்பதை அப்படியே இங்கிலீஷாக்கிவிட்டேன். உடனே, “சாரி சார். அட் நைன் டுநைட்” என்றேன். “ஓகே, நைன் பி.எம். தேங்க்யூ” என்று வைத்துவிட்டார்.

அவசரமாக வைத்ததில் ரிசீவர் சரியாக உட்காரவில்லை. சூப்பர்வைசர்தான் எடுத்து வைத்தார்.

“தப்பு வந்தது. நீங்களே பிடிச்சுத் திருத்திட்டீங்க” என்றார் மேடம். “ஒரு மாசம் பாப்போம். நாளன்னைக்கு காலைல ஒன்பதுக்கு வாங்க. சரிப்படலைன்னா பழைய யார்டு, பழைய நைட் ஷிஃப்ட். ஓகேவா?”

ஓகே என்றேன். சந்தோஷம் பாதி, அந்த ஒரு மாசத்தை நினைத்த பயம் பாதி. வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது புகைபோக்கி நெருப்பு அப்படியே எரிந்தது. நம் ராயபுரத்தில் கோயில் மணியும் ஸ்கூல் விட்டுவரும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டாலே மணி தெரியும். இங்கே எல்லா நேரமும் ஒரே சத்தம்தான். இனி நாள் முழுக்க இங்கே மற்றவர்களுக்கு நேரம் சொல்லப்போகிறவன் நான்.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம் ஐந்தரை. நீங்கள் ட்யூஷனில் இருந்தீர்கள், அம்மா வேலையிலிருந்து வரவில்லை. சட்டையைக் கூடக் கழற்றாமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, பகலில் நான் தூங்குவதற்காக ஜன்னலில் ஆணியடித்துக் கட்டியிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்தேன். கட்டில்மேல் வெயில் வந்து விழுந்தது. துணியை உதறி மடித்து பீரோமேல் வைத்தேன். ஆணிகளை மட்டும் பிடுங்கவில்லை.