‘வெறிநாய்க்கடி காண்க’

நேற்று கள்ளக்குறிச்சி நூலகத்தில் பழைய கலைக்களஞ்சியம் ஒன்றைப் புரட்டினேன். அந்தக் காகித வாசனையில் பத்து வயதுப் பயம் அப்படியே திரும்பி வந்தது.

அப்போது நைனார்பாளையத்தில் இருந்தோம். தெருநாய் ஒன்று என் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. அம்மா அடிப்பாள் என்று பாவாடையால் மறைத்துக்கொண்டேன். மறுநாள் பள்ளி நூலகத்தில் கலைக்களஞ்சியத்தை எடுத்து ‘நாய்’ பார்த்தேன். இனங்கள், பற்கள், மோப்பம் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ‘வெறிநாய்க்கடி காண்க’ என்றது. இறுதித் தொகுதியை எடுத்தேன். தண்ணீரைக் கண்டால் பயம் வரும், நோய் தொடங்கிவிட்டால் பிழைப்பதில்லை என்று, யாரையும் பயமுறுத்தும் எண்ணமே இல்லாமல் அது சொன்னது. உடனே ஊசி போட்டால் தப்பலாம் என்றும் கீழே இருந்தது.

வீட்டுக்கு ஓடி ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். விழுங்க முடிந்தது. அப்படியும் பயம் போகவில்லை. அம்மாவிடம் காலைக் காட்டினேன்.

“இன்னாடி இது? நேத்தே ஏன் சொல்லல?”

“நீ அடிப்பன்னுதான். ஊசி போட்டா பொழைச்சுக்கலாம்னு பொஸ்தகத்துல போட்டுக்கீதும்மா.”

அம்மா அடிக்கவில்லை. காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, கட்டிய புடவையோடு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். அந்த நாய் அதே வாரம் நுரை தள்ளிச் செத்ததை, எனக்குக் கல்யாணமான பிறகுதான் சொன்னாள்.